மூன்று சாரல் கண்ட ஸ்டீம் டெக்

ஸ்டீம் டெக் என்ற, கையில் பிடித்து கேம் ஆடும் சின்னக் கம்ப்யூட்டர் என் கைக்கு வந்து மூன்று சாரல் பருவம் முடிந்துவிட்டது. வாங்கிய வாரத்திலேயே "எப்படி இருக்கு, எழுது" என்று நண்பர்கள் கேட்டார்கள். ஒரு பொருளைப் புழங்கிப் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதலாம்.

எனக்கு ஊர் செங்கோட்டை, வேலை புனலூரில். ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். திங்கள் காலை ரயிலில் மலையைத் தாண்டினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவேன். இந்த அலைச்சலில் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மூலையில் வைத்து விளையாட வழியில்லை.

வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் இதை வெளியிட்டபோது 64 ஜிபி மாடலுக்கு அமெரிக்காவில் 399 டாலர் விலை. இந்தியாவில் அவர்கள் நேரடியாக விற்பதில்லை. என்னுடையதை 2023 தொடக்கத்தில் துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தார். அங்கேயும் கடைக்காரர்கள் வெளியிலிருந்து வரவழைத்து விற்பதுதான், அதனால் விலை கூடுதல்தான். கெட்டுப்போனால் கொண்டுபோய்க் கொடுக்க இங்கே சர்வீஸ் சென்டர் கிடையாது. அதற்குத் துணிந்தவர்கள் மட்டும் வாங்குங்கள்.

7 அங்குலத் திரை, 16 ஜிபி ராம், 669 கிராம் எடை. படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கடுக்கும். மடியில் தலையணை வைத்து அதன்மேல் ஊன்றிக்கொண்டால் நேரம் போவதே தெரியாது. இந்தக் கணக்கெல்லாம் எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். எனக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் பெரியது: மேல்விளிம்பில் இருக்கிற சின்னப் பவர் பட்டன்.

அதை ஒரு தடவை அமுக்கினால் கேம் அப்படியே உறைந்துவிடும். வண்டி வளைவில் பாதி திரும்பியிருந்தால் பாதியிலேயே நிற்கும். மறுபடி அமுக்கினால் சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்து ஓடும். சேவ் செய்யும் இடம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அம்மா கூப்பிட்டால் எழுந்து போகலாம், கடையில் லோடு வந்தால் வைத்துவிட்டுப் போகலாம். ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருப்பதால், ஒரு ராத்திரி தூங்கினாலும் பேட்டரி சில சதவீதம்தான் குறைகிறது. துண்டு துண்டாகத்தான் எனக்கு நேரம் கிடைக்கும். அந்தத் துண்டுகளை வீணாக்காமல் சேர்த்துக் கொடுத்தது இந்தப் பட்டன்தான்.

எங்கள் ரயில் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1904-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பத் திறந்தது. பகவதிபுரம் தாண்டினால் நீளமான குகை. அதற்குள் நுழைந்ததும் போனில் சிக்னல் செத்துவிடும். வெளியே வந்தால் ஆரியங்காவு, அங்கிருந்து கேரளா. ஏற்றமும் வளைவுமாக ரயில் ஊர்ந்துதான் போகும். ஆன்லைன் கேம் ஆடுகிறவனுக்கு இந்தப் பாதை சரிப்படாது, தனியாக ஆடுகிற கேமுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கழுதுருட்டி வரும்போது மட்டும் பட்டனை அமுக்கிப் பைக்குள் வைத்துவிடுவேன். பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்காமல் குனிந்து உட்கார்ந்திருக்க இன்னும் என்னால் முடியவில்லை.

ஒரு பாடம் பட்டுத்தான் தெரிந்தது. புதிதாக இறக்கிய கேமை நெட் இருக்கும்போதே ஒரு தடவை திறந்து பார்த்துவிட வேண்டும். முதல் தடவை திறக்கும்போது அது சில துணை மென்பொருள்களைப் போட்டுக்கொள்ளும். நான் அதைச் செய்யாமல் ரயிலேறி, தென்மலை வரை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

கேம் இறக்குவதும் இங்கே லேசில்லை. 60, 70 ஜிபி கேமைப் போனின் தினசரி டேட்டாவில் இறக்க முடியாது. தென்காசியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் நண்பன்தான் கைகொடுக்கிறான். அவன் கம்ப்யூட்டரில் என் கணக்கில் ராத்திரி இறக்கிவைப்போம். மறுநாள் அதே வைஃபையில் டெக்கை இணைத்தால், இன்டர்நெட்டைத் தொடாமல் கம்ப்யூட்டரிலிருந்தே கேம் நேராக வந்துவிடும். 2023 பிப்ரவரியில் வால்வின் கேம் கடையான ஸ்டீம் கொண்டுவந்த வசதி இது. சிற்றூரில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கரண்ட். சாரல் காற்று எழும்பினால் கிளை முறிந்து லைனில் விழும், சில நாள் ராத்திரி முழுக்க இருட்டுதான். பேட்டரி 40 வாட்-அவர். பெரிய கேம் மொத்தமாக 22, 24 வாட் இழுக்கும்போது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. சிப்புக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து, திரையையும் 40 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 40 தடவை படம் மாறும் அளவுக்கு) இறக்கி, சின்ன கேமாக ஆடினால் மொத்தமே ஏழு, எட்டு வாட்தான். ஐந்து மணி நேரம் ஓடும். 40 ஹெர்ட்ஸ் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். கண்ணுக்கு 30-ஐவிட எவ்வளவோ இதமாக இருக்கிறது. சார்ஜர் 45 வாட், வீட்டு இன்வெர்ட்டருக்குப் பாரமே இல்லை.

அப்படி ஒரு இருட்டு ராத்திரியில்தான் பக்கத்து வீட்டு அண்ணாச்சி திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி லோடு அடிப்பவர். நான் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 ஆடிக்கொண்டிருந்தேன். ஐரோப்பியச் சாலைகளில் லாரி ஓட்டும் கேம், செக் நாட்டு எஸ்சிஎஸ் நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. திரையை எட்டிப் பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"தம்பி, வண்டி பாரமா, காலியா?"

எத்தனையோ பேருக்கு இந்த கேமைக் காட்டியிருக்கிறேன். ஒருவரும் அதைக் கேட்டதில்லை. 22 டன் என்றேன். "அப்ப ஏன் இம்புட்டு வேகமா இறக்குற? ஏறின கியர்லதான் இறங்கணும்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் ஆட்டோ கியரில் வைத்திருந்தேன், மாற்றச் சொன்னார். டெக்கையே சாய்த்துத் திருப்பினால் வண்டி திரும்பும்படி ஜைரோவைப் போட்டுக்கொடுத்தேன். அரை மணியில் பிடித்துவிட்டார். காற்றுப் பிரேக் நிஜம்போல வேலை செய்ய இதில் ஓர் அமைப்பு உண்டு. இறக்கத்தில் அடிக்கடி மிதித்தால் அழுத்தம் இறங்கும். "காத்து இறங்குது பாரு" என்று முள்ளைக் காட்டினார். பிறகு எஞ்சின் பிரேக்கிலேயே அந்த மலைப் பாதை முழுதும் இறக்கினார். புளியரை எஸ் வளைவில் பாரத்தோடு ஏறி இறங்கும் மனிதரின் கை எப்படி அவசரமில்லாமல் இயங்கும் என்பதை ஒரு சாண் தூரத்தில் பார்த்தேன். வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறார். வளைவுக்குள் பிரேக்கைத் தொடுவதே இல்லை. இரண்டு வருடமாக நான் தப்பாக ஓட்டியிருக்கிறேன்.

இப்போது அவருக்கென்று தனி ப்ரொஃபைல் இருக்கிறது. இங்கிலாந்து ஊர் ஒன்றைத் தொடக்க ஊராகப் போட்டுக்கொடுத்தேன், இடதுபக்கமே ஓட்டலாம் என்பதற்காக. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள கேபினும் உண்டு.

அம்மாவுக்கு இந்தப் பொருள்மேல் வருத்தம் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருகிறவன் இதைக் கையில் வைத்திருந்தால் எந்தத் தாய்க்கும் இருக்கும். அதை மாற்றியது வெண்பா என்ற கேம். டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அழிந்துபோன எழுத்துகளோடு ஒரு பழைய சமையல் குறிப்பேடு, அதைப் பார்த்துச் சமைக்க வேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது பெற்றது. புட்டு வந்த கட்டத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா பிறந்தது ஆரியங்காவுப் பக்கம், புட்டு என்றால் விடமாட்டாள். "குழல்ல முதல்ல சில்லு போடணும்லா. மாவ அமுக்காத, ஆவி எப்படி மேல ஏறும்?" என்று திரைக்குள் விரலை நீட்டினாள். அந்த விரலுக்கு மாவும் தேங்காயும் நகர்ந்ததும் சிரித்துவிட்டாள். முழுக் கதையையும் இரண்டு சனிக்கிழமைகளில் நான் வாசிக்க வாசிக்கக் கேட்டாள். மகன் வீட்டுக்கு வராமல் போகும் இடத்தில் ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போனாள். மறுவாரம் எனக்குக் குழல் புட்டும் கடலைக்கறியும் காத்திருந்தன. திரையில் வந்த வசனம் தமிழில் இல்லை என்பது அந்த ராத்திரியில்தான் எனக்கு உண்மையாகவே வலித்தது. அவளே வாசித்திருப்பாள்.

கோளாறுகளுக்கு வருகிறேன். இரண்டாம் வருடம் இடது குச்சி (கட்டைவிரலால் அசைக்கும் ஜாய்ஸ்டிக்) தானாக நகர ஆரம்பித்தது. உள்ளே கார்பன் பட்டைமேல் ஒரு முனை உரசிக்கொண்டே இருக்கும். பட்டை தேய்ந்தால் இப்படித்தான் ஆகும். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் குச்சி வரவழைத்து நானே மாற்றினேன். கழற்றப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மெமரி கார்டை முதலில் உருவிவிடுங்கள், உள்ளே இருந்தால் மூடியைத் திறக்கும்போது இரண்டாக முறியும். பின்மூடியில் எட்டு ஸ்க்ரூ, நான்கு நீளம், நான்கு குட்டை. பிளாஸ்டிக்கிலேயே பிடிமானம் என்பதால் திரும்பப் பூட்டும்போது முரட்டுத்தனம் கூடாது. சாரல் மாதங்களில் பைக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டுவைக்கிறேன், ஈரத்தால் இதுவரை ஒன்றும் கெடவில்லை.

மெமரி கார்டில் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று 512 ஜிபி வாங்கினேன். முப்பது ஜிபி தாண்டியதும் போட்ட கேம் ஒவ்வொன்றாகக் கெட்டது. போலி. டெக்கில் டெஸ்க்டாப் முறைக்குப் போனால் அது முழு லினக்ஸ் கம்ப்யூட்டர். எஃப்3 என்ற இலவசக் கருவியால் கார்டின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கலாம். இப்போது எந்தக் கார்டு வாங்கினாலும் முதலில் அதுதான்.

விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும், அவற்றை லினக்ஸில் ஓட்டிக்காட்டும் ப்ரோட்டான் என்ற மென்பொருள் வழியாக நன்றாகவே ஓடுகின்றன. வேலரண்ட், ஃபோர்ட்நைட் போன்ற சில ஆன்லைன் கேம்கள் ஓடாது. ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் இதில் ஓடாமல் போய்விட்டது. அவற்றுக்காக வாங்க நினைக்கிறவர்கள் வேறு பாருங்கள். 2023 நவம்பரில் வந்த ஓலெட் மாடலுக்கு 50 வாட்-அவர் பேட்டரி, திரையும் அழகு. மாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. 2025-இல் வந்த அப்டேட்டில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி கிடைத்தது, அதைப் போட்டுவைத்திருக்கிறேன். இந்தப் பேட்டரி இன்னும் சில வருடம் ஓடட்டும்.

போன சனிக்கிழமை அண்ணாச்சி கேமில் இங்கிலாந்தின் டோவர் துறைமுகம் வரை லோடு கொண்டுபோய் நிறுத்திவிட்டார். கடலைத் தாண்டினால் வலதுபக்கம் ஓட்ட வேண்டும், அதைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டுமாம். "அந்தப் பக்கம் செக்போஸ்ட்ல நிப்பாட்டுவானா?" என்று கேட்டார். ஜிஎஸ்டி வருவதற்கு முன், 2017 வரை, ஆரியங்காவில் வரிசையில் கிடந்த ராத்திரிகளை அவர் மறக்கவில்லை. இன்றைக்கு அவர் தக்காளி ஏற்றிக்கொண்டு கொல்லம் போயிருக்கிறார். டோவரில் நிற்கும் வண்டி என் பைக்குள் தூங்குகிறது. சனிக்கிழமை வரை சார்ஜ் இருக்கும்.