திருப்பி அடிப்பதா, கையைப் பிடிப்பதா?

இரண்டு வயதுப் பிள்ளை அடிப்பது யாரிடமும் கற்றுவந்ததல்ல. கனடாவின் மொன்றியாலில் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரம்ப்ளேயின் குழு பல்லாண்டு கவனித்ததில், அடிதடி 2 முதல் 4 வயதுக்குள் உச்சம் தொட்டு, பெரும்பாலானோரிடம் பிறகு குறைகிறது. பிள்ளை கற்பது தன் கையை அடக்கிக்கொள்வதைத்தான்.

அடிக்கும் பிள்ளைக்குப் பெரியவர் திருப்பி ஓர் அடி வைத்தால் அந்த நொடியில் நிற்கும்; அதனாலேயே வீடுகளில் இது விடாமல் தொடர்கிறது. ஆனால் பலமுள்ளவர் கை ஓங்கலாம் என்பதே மனதில் பதியும்.

கையைப் பிடிப்பதே சரி. ஓங்கிய மணிக்கட்டை இறுக்காமல் பிடித்து, கண்மட்டத்துக்குக் குனிந்து, "அடிக்கக் கூடாதுடா கண்ணு, வலிக்கும். லாரி வேணும்னா 'குடு'ன்னு கேளு" என்றால் போதும். நீண்ட அறிவுரை ஏறாது. அடிபட்ட பிள்ளையை உடனே தேற்றுங்கள். பலன் தெரிய வாரக்கணக்காகும். அம்மா தடுப்பதைப் பார்த்துத் தாத்தா சிரித்துவிட்டால் இன்னும் இழுக்கும். பசியும் தூக்கக்கலக்கமும் உள்ள வேளையில் பொம்மைச் சண்டைக்கே இடம் கொடுக்காதீர்கள்.