"டிஸ்க் செத்துருச்சு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

மதுரையில் லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பொருந்தும். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

என்னுடையது கொஞ்சம் பழைய மாடல். உள்ளே ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க், சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் ஓடும் 2.5 அங்குல எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை). அதை மதர்போர்டுடன் இணைப்பது ஒரு மெல்லிய ரிப்பன் கேபிள். திடீரென்று வேலைக்கு நடுவில் ஹேங் ஆகும். ரீஸ்டார்ட் செய்தால் பூட் டிவைஸ் இல்லை, அதாவது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் காணோம் என்று சொல்லும். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் எதுவுமே நடக்காதது போல ஓடும். மடியில் வைத்தால் போகும், மேசையில் வைத்தால் வரும். விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் டிஸ்க்கின் பெயர் ஒரு நேரம் தெரியும், இன்னொரு நேரம் தெரியாது. இத்தனையையும் கடையில் ஒன்றுவிடாமல் சொன்னேன். இப்படி வந்துவந்து போகிற கோளாறு என்றால் முதலில் கேபிளையும் கனெக்டரையும் பார்ப்பதுதான் அந்தத் தொழிலின் அரிச்சுவடி.

அங்கிருந்த பையன் உள்ளே எடுத்துப்போய்விட்டு வந்து, "டிஸ்க்கு செத்துருச்சுண்ணே, டேட்டாவும் வராது, புதுசு போட்டாத்தான் ஆகும்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "டேட்டா ரொம்ப முக்கியம்னா ரெக்கவரிக்கு அனுப்பலாம், அதுக்குத் தனியா ஆறாயிரம் ஆகும்" என்றும் சேர்த்துக்கொண்டான். வராது என்ற டேட்டா, ஆறாயிரம் கொடுத்தால் வருமாம்! ரெக்கவரி வேண்டாம், டிஸ்க்கை மட்டும் மாற்று என்றேன். 4,200 ரூபாய். பழைய டிஸ்க்கைக் கேட்டதற்கு ஸ்கிராப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பில்லில் "லேப்டாப் சர்வீஸ்" என்று ஒரே வரி. டிஸ்க்கின் பிராண்டும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை.

வீட்டுக்கு வந்த அதே வாரத்தில் பழைய கோளாறு அப்படியே திரும்பியது. கடைக்குப் போன் செய்தால், "போர்டு பிரச்சினை, வேற லேப்டாப் பாருங்கண்ணே" என்று பதில்.

அப்புறம் எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். திறப்பதற்கு முன்பே டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டார். முதல் அதிர்ச்சி, "புதிய" டிஸ்க் ஓடிய நேரம் 9,000 மணிக்கு மேல். இரவு பகலாக ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய கணக்கு அது. அடுத்து அவர் காட்டியது சிஆர்சி எரர் என்ற வரி. பெரும்பாலான சாட்டா டிஸ்க்குகளில் சி7 என்ற அடையாளத்தோடு இருக்கும். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் போகும்போது சிதைந்தால் அந்த எண் ஏறும், ஏறியது இறங்காது. ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தபோது எங்கள் கண் முன்னாலேயே ஏறியது. கேபிளை மாற்றினார், சில நூறு ரூபாய்தான். எண் அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து லேப்டாப் ஒருமுறைகூட ஹேங் ஆகவில்லை.

ஆக, என் பழைய டிஸ்க் சாகவே இல்லை என்பதுதான் என் முடிவு. கடைக்குப் போய்ச் சத்தம் போட்டதும் "ஸ்கிராப்" ஆன டிஸ்க் மேசை இழுப்பறையிலிருந்தே வந்தது. அதற்குள் ஃபார்மட் செய்துவிட்டார்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ஃபார்மட் ஆன பிறகும் பல நேரம் ஏதாவது மீளும். எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்யும்போதே அதில் இருந்ததெல்லாம் இனி வேண்டாம் என்று டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் கட்டளையையும் விண்டோஸ் அனுப்பிவிடும். பிறகு எதையும் மீட்பது அநேகமாக நடக்காத காரியம். என்னிடம் வேறொரு பிரதி இருந்ததால் வேலை நிற்கவில்லை. ஆனால் ஆதார் நகலும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் இருந்த டிஸ்க்கை, அடுத்து யாருக்கோ "புதுசு" என்று மாட்டத்தானே வைத்திருந்தார்கள்? எனக்கு வந்ததும் அப்படி இன்னொருவருடையதாக இருந்திருக்கலாம். பணத்தைவிட இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எனவே டிஸ்க் போய்விட்டது என்று யார் சொன்னாலும், அதைக் கழற்றி யுஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டி, வேறொரு கணினியில் உங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அங்கே ஃபைல்கள் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் லேப்டாப் பக்கம்தான். பெரும்பாலான புது லேப்டாப்களில் கேபிள் கிடையாது, எம்.2 என்ற பட்டை வடிவ டிஸ்க் நேராகப் போர்டிலேயே உட்காரும். அதைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்குரூ தளர்ந்தாலோ, முன்பு திறந்தவர்கள் போடாமல் விட்டிருந்தாலோ டிஸ்க் மேலே தூக்கிக்கொண்டு இணைப்பு விட்டுப்போகும். கழற்றி, சரியாக உட்காரவைத்து, ஸ்குரூ போட்டால் பல நேரம் சரியாகிவிடும். இன்னொன்று: இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸரும் அதற்குப் பிந்தையதும் உள்ள பல லேப்டாப்களில், டிஸ்க்கை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் விஎம்டி டிரைவர் என்ற மென்பொருளைச் சேர்க்காவிட்டால் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது. அதைக் காட்டி "டிஸ்க் இல்லை பாருங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு.

மாற்றத்தான் வேண்டும் என்றால், சீல் உடைக்காத பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கட்டும், சீரியல் நம்பர் பில்லில் ஏறட்டும், பழைய டிஸ்க் உங்கள் பையில் வரட்டும். டிஸ்க் ஓடிய மணிக்கணக்கு பூஜ்யம் என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கணக்கை அழித்துப் பழைய ஹார்டு டிஸ்க்குகளைப் புதிதாக விற்றது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிவந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமலும் போகலாம். பில் ஒற்றை வரியாக இருந்தாலும், யுபிஐ ரசீதும் டிஸ்க்கின் ஸ்கிரீன்ஷாட்டும் என்னிடம் இருக்கின்றன. நேற்று கடைக்காரரே அழைத்து, பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். முழுப் பணமும் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.