தாளுக்கு ஃபயர்ஃபாக்ஸ், சேமிப்புக்கு சிங்கிள்ஃபைல்: தமிழ்ப் பக்கங்களை எடுத்துவைக்க எது சரி?

இணையத்தில் ஒரு தமிழ்க் கட்டுரை. கன்ட்ரோல்-பி அழுத்தினால் பதினோரு பக்கம் என்று காட்டுகிறது. கட்டுரை அதில் நாலு பக்கம்தான். மிச்சம் விளம்பரப் பெட்டி, 'இதையும் படியுங்கள்' வரிசை, அடியில் யாரும் தொடாத மெனு. இந்த ஏழு பக்க மையையும் தாளையும் மிச்சம் பிடிக்க நாலைந்து கருவிகள் இருக்கின்றன. எல்லாம் இலவசம். ஆனால் ஆங்கிலப் பக்கத்துக்குக் கச்சிதமாக வேலை செய்வது தமிழுக்கும் அப்படியே செய்யும் என்று நம்ப முடியாது. அந்தக் கண்ணோடுதான் இங்கே பார்த்திருக்கிறோம்.

தாளில் எடுக்க மட்டும் என்றால் ஃபயர்ஃபாக்ஸின் ரீடர் வியூவுக்கே முதலிடம். பக்கம் முழுதும் இறங்கியதும் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் தாள் போன்ற ஒரு சின்னம் வரும். அதைத் தட்டினால் போதும். விண்டோஸில் எஃப்9, லினக்ஸில் கன்ட்ரோல்-ஆல்ட்-ஆர். விளம்பரமும் மெனுவும் போய், தலைப்பும் பத்திகளும் படங்களும் மட்டும் நிற்கும். பிறகு கன்ட்ரோல்-பி. திறக்கும் பெட்டியில் 'மோர் செட்டிங்ஸ்' பகுதியை விரித்து மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது பேப்பர் சைஸ். கணினியின் மண்டல அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் இங்கே 'லெட்டர்' என்று உட்கார்ந்திருக்கும். லெட்டர் 216 x 279 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடைகளில் இருக்கும் ஏ4 தாள் 210 x 297. லெட்டரில் செய்த பிடிஎஃப்பை ஏ4 பிரிண்டருக்கு அனுப்பினால், ஒன்று பக்கவாட்டில் வெட்டுப்படும், இல்லையென்றால் எழுத்து சுருங்கிக் கீழே வெற்றிடம் விழும். 'பிரிண்டர் சரியில்லை' என்ற புகார்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். இரண்டாவது ஸ்கேல். 'பக்க அகலத்துக்குப் பொருத்து' என்பதிலிருந்து மாற்றி 110 அல்லது 115 கொடுத்தால் தமிழ் எழுத்து கண்ணை உறுத்தாது. கொம்பும் காலும் சுழியும் அடர்ந்த எழுத்து நம்முடையது. ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்கு ஒரு சுற்று குறைவாகவே தெரியும். மூன்றாவது, தலைப்பு-அடிக்குறிப்புப் பெட்டி. இதில் டிக் இருந்தால் ஒவ்வொரு தாளிலும் தேதியும் முகவரியும் அச்சாகும். தமிழ்ச் சொற்கள் கொண்ட முகவரி என்றால் அது சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகத்தான் வரும். ஒரு தமிழ்க் குறிக்கு (க, கொம்பு, புள்ளி என்று கணினி தனித்தனியே எண்ணும் ஒவ்வொன்றுக்கும்) ஒன்பது எழுத்து வீதம். டிக்கை எடுத்துவிட்டு, முகவரியை முதல் தாளில் கையால் எழுதிக்கொள்வது மேல்.

ரீடர் வியூவுக்குள் போகாமலும் இதைச் செய்யலாம். அதே பெட்டியில் ஃபார்மட் என்ற இடத்தில் 'சிம்ப்ளிஃபைட்' இருக்கும். கட்டுரை என்று ஃபயர்ஃபாக்ஸ் அடையாளம் கண்ட பக்கங்களுக்கு மட்டுமே அது வரும்.

அந்த அடையாளம் காணும் வேலையில்தான் சிக்கல். எது கட்டுரை, எது குப்பை என்று ரீடர் வியூ மதிப்பெண் போட்டே முடிவு செய்கிறது. ஒரு பத்தியில் 25 குறிக்குக் குறைவாக இருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்காது. அதற்கு மேல் இருந்தால், கமாக்களை எண்ணி மதிப்பெண் கொடுக்கும். நூறு குறிக்கு ஒன்று என்று மூன்று வரை கூட்டும். உரைநடைக்கு இது பொருந்துகிறது. கவிதைக்கு? மூன்று சொல் கொண்ட ஓர் அடி, கமா கிடையாது, ஒவ்வோர் அடியும் தனிப் பத்தியாக வலையேற்றப்பட்டிருக்கிறது. பாட்டு மதிப்பெண்ணே வாங்காது. அது தனிப் பெட்டியில் இருந்தால் கீழே இருக்கும் உரை மட்டும் தப்பிப் பிழைக்கக்கூடும். பாடலும் பொழிப்புரையும் சேர்ந்த பக்கங்களில் பாடலை மட்டும் தின்றுவிட்டு உரையை அச்சடித்துத் தருவது இதனால் நேரலாம்.

அடிக்குறிப்புகளிலும் இதே கதை. பக்கத்தை உருவாக்கியவர் ஒரு பெட்டிக்கு ஃபுட்டர், சைட்பார், ரிலேட்டட் என்ற சாயலில் பெயர் வைத்திருந்தால், உள்ளே என்ன இருந்தாலும் அது சந்தேகப் பட்டியலில் போய்விடும். ஆகவே அச்சடிக்கும் முன் இரண்டே இடங்களை ஒப்பிடுங்கள்: முதல் பத்தி, கடைசிப் பத்தி. இரண்டும் மூலத்தில் உள்ளபடி இருந்தால் பெரும்பாலும் நடுவிலும் இருக்கும். அட்டவணையோ பாடலோ இருந்தால் நடுவையும் பார்த்துவிடுங்கள். பல பக்கங்களாகப் பிரித்துப் போட்ட கட்டுரை என்றால் ரீடர் வியூ கையில் இருக்கும் பக்கத்தை மட்டுமே எடுக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பாட்டு போன்றவற்றுக்கு மாற்று வழி: மூலப் பக்கத்திலேயே வேண்டிய பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-பி, 'செலக்‌ஷன்'. குரோமிலும் 'மோர் செட்டிங்ஸ்' அடியில் 'செலக்‌ஷன் ஒன்லி' இருக்கிறது. அழகாக வராது, ஆனால் எதுவும் விடுபடாது.

மற்ற பிரவுசர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்ஜில் உள்ள இமர்சிவ் ரீடரும் எஃப்9 விசையில்தான் திறக்கும்; அச்சும் அந்த வடிவிலேயே வரும்; ஃபயர்ஃபாக்ஸுக்குப் பக்கத்தில் வைக்கலாம். குரோமின் ரீடிங் மோட் பக்கப் பலகையில் திறப்பது. படிக்க வசதி, ஆனால் கன்ட்ரோல்-பி அழுத்தினால் மூலப் பக்கம்தான், விளம்பரத்தோடு.

பிரிண்ட்ஃப்ரெண்ட்லி தனி வகை. அதன் தளத்தில் முகவரியை ஒட்டினால் சுத்தம் செய்த பக்கத்தைக் காட்டும். அதன் பிறகு மவுஸை வைத்த பத்தியோ படமோ ஒரு தட்டில் நீங்கும். தவறாக நீக்கினால் 'அன்டூ'. படங்களைச் சுருக்கலாம், மொத்தமாகவும் தூக்கலாம். பத்துப் படம் போட்ட சமையல் குறிப்பை ஒரே தாளில் அடக்க இதைவிட எளிய வழி இல்லை. குறை என்னவென்றால், பக்கத்தை எடுத்து வருவது அவர்களுடைய சர்வர். சந்தாவோ லாகினோ தேவைப்படும் பக்கம் அதற்குத் தெரியாது. இன்னொன்று: தமிழுக்கு அதன் பிடிஎஃப் பட்டனைவிட பிரிண்ட் பட்டனே நல்லது. எழுத்தைக் கோக்கும் வேலையை உங்கள் கணினியிலுள்ள பிரவுசரும் ஃபான்ட்டும் பார்த்துக்கொள்ளும்.

இனி சேமிப்பு. இங்கேதான் பெரும்பாலோர் தவறான கருவியை எடுக்கிறார்கள். பிடிஎஃப்பாக வைத்துக்கொண்டால் பத்திரம் என்ற நம்பிக்கை. தமிழைப் பொறுத்தவரை பிடிஎஃப் என்பது திரையில் தெரியும் தாள், அவ்வளவுதான். அதற்குள் இருப்பவை எழுத்துகள் அல்ல, ஃபான்ட்டில் உள்ள வடிவங்களின் வரிசை எண்கள். எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை ஒன்று உள்ளே இருக்க வேண்டும். அது அரைகுறையாக இருந்தால் 'டு', 'மு' போன்ற கூட்டு வடிவங்கள் நகலெடுக்கும்போது காணாமல் போகும். வரிசைச் சிக்கல் வேறு. இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு. தாளில் வரைவதோ கொம்பு முதலில். வரைந்த வரிசையிலேயே நகலெடுத்தால் கொம்பு முன்னால் தனியாக நின்று, க பின்னால் வரும். 'கோயில்' என்று தேடினால், கண்ணெதிரே கோயில் இருந்தும் 'இல்லை' என்று பதில் வரும்.

பிடிஎஃப் செய்தவுடன் அரை நிமிடச் சோதனை: கொ, பை, டு, மு எல்லாம் உள்ள ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். எழுத்து பிசகினால் அந்த ஃபைல் அச்சுக்கு மட்டும்தான். நூலகத் தளங்களில் இரண்டு வடிவமும் கிடைக்கும்போது இதே விதிதான். மதுரைத் திட்டம் யூனிகோட் வலைப்பக்கமாகவும் பிடிஎஃப்பாகவும் நூல்களைத் தருகிறது. தேடவும் மேற்கோள் எடுக்கவும் வலைப்பக்கம், தாளுக்குப் பிடிஎஃப். விக்கிமூலத்தில் பதிவிறக்கப் பட்டியலில் ஈபப் என்ற மின்னூல் வடிவம் இருக்கிறது, அதை எடுங்கள்.

பிரவுசரின் 'சேவ் பேஜ் அஸ்' என்ன செய்கிறது? 'கம்ப்ளீட்' என்று சேமித்தால் ஒரு எச்டிஎம்எல் ஃபைலும் பக்கத்தில் ஒரு ஃபோல்டரும் வரும். பென்டிரைவில் ஃபைலை மட்டும் போட்டுக்கொண்டு போனால் படங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். குரோம் 'சிங்கிள் ஃபைல்' என்று எம்எச்டிஎம்எல் வடிவில் ஒன்றாகக் கட்டித் தரும்; ஃபயர்ஃபாக்ஸில் அது திறக்காது. ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிக்கும் வசதி உண்டு. மெனுச் சொற்களும் கூடவே வந்து விழும், அவற்றைக் கையால் களைய வேண்டும்.

இவை எல்லாவற்றையும் மிஞ்சுவது சிங்கிள்ஃபைல் என்ற பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்). குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றுக்கும் உண்டு. கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஒய் அழுத்தினால் படம், ஃபான்ட், அமைப்பு எல்லாவற்றையும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலுக்குள் பொதிந்து இறக்கித் தரும். எந்தப் பிரவுசரிலும் திறக்கும், இணையம் வேண்டாம். எழுத்து எழுத்தாகவே இருப்பதால் தேடல் வேலை செய்யும், நகலும் பிசகாது. நீளமான பக்கம் என்றால் ஒருமுறை அடிவரை உருட்டிவிட்டு அழுத்துங்கள். உருட்டும்போதுதான் இறங்கும் படங்கள் சில தளங்களில் உண்டு.

பெயர் வைப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கட்டுரைத் தலைப்பே ஃபைல் பெயராகும். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஆக 85 குறி. 'ம்' என்பதே ம, புள்ளி என்று இரண்டு குறி. பத்துச் சொல் தலைப்பு விண்டோஸில் ஒழுங்காக இருந்துவிட்டு, லினக்ஸுக்கு மாற்றும்போது 'பெயர் நீளம்' என்று மறுக்கக்கூடும். தேதியும் இரண்டு மூன்று சொல்லும் போதும்.

வெறும் நகலெடுத்து ஒட்டுவதற்கும் ரீடர் வியூவே உதவும். சில தளங்கள் நகலெடுத்ததும் 'மேலும் படிக்க' என்று தங்கள் முகவரியை வாலாக ஒட்டி அனுப்பும். சில தளங்களில் தேர்ந்தெடுக்கவே விடாது. ரீடர் வியூவில் தளத்தின் ஸ்கிரிப்ட் ஓடாததால் இந்தத் தொல்லை இல்லை. (பூட்டு போட்டவருக்கு ஒரு காரணம் இருக்கும். சொந்தப் படிப்புக்கு எடுப்பது வேறு, தன் பெயரில் போட்டுக்கொள்வது வேறு.) வேர்டில் ஒட்டும்போது கன்ட்ரோல்-வி வேண்டாம், தளத்தின் நிறமும் இடைவெளியும் சேர்ந்து வரும். புதிய வேர்டில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி, லிப்ரெஆபிஸில் கன்ட்ரோல்-ஆல்ட்-ஷிஃப்ட்-வி. விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்கு முந்தைய நோட்பேடில் சேமித்தால், என்கோடிங் இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும். அப்படிச் சேமித்ததை மீட்க வழி கிடையாது.

ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பயப்பட வேண்டாம், கெட்டுப்போகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஏற்றிய பக்கம் அது. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்துமாற்றுக் கருவியில் மூலக் குறியாக்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். பக்கத்தில் இடையிடையே நிஜமான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் பாமினியில் அவையும் தமிழாக உருமாறிக் கேலிக்கூத்தாகும். அவற்றை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போய் பிரிண்ட் எடுப்பவர்கள் வேர்டு ஃபைலைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே அந்த ஃபான்ட் இல்லையென்றால் வேறொன்று வந்து வரிகள் நகர்ந்து, நாலு பக்கம் ஐந்தாகும். ஃபான்ட் உள்ளேயே பொதிந்த பிடிஎஃப் இதற்கென்றே ஆனது. முன்பின் அச்சு கேட்டால் 'நீள விளிம்பில் திருப்பு' என்று சொல்லுங்கள். குறுகிய விளிம்பில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக நிற்கும்.