எஸ்எம்எஸ் ஓடிபியா, ஆத்தென்டிகேட்டர் ஆப்பா?

தனுஷ்கோடி பக்கம் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், அப்போது ஓடிபிக்குக் காத்திருப்பது வீண். கீழக்கரையிலிருந்து துபாய் போனவர்களுக்கும் இதே தலைவலிதான், இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

ஆத்தென்டிகேட்டர் ஆப் என்பது, லாகினில் பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் செயலி. அதற்கு சிக்னலே வேண்டாம். முதலில் கணக்கை இணைக்க, அந்தத் தளம் காட்டும் க்யூஆரை ஸ்கேன் செய்யும்போதே ஒரு ரகசியச் சாவி போனில் பதிந்துவிடுகிறது, அதையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு புது எண்ணைக் காட்டும், அதனால் விசைப்படகில் நடுக்கடலில் இருந்தாலும் எண் கிடைக்கும் (நெட் இல்லாத இடத்தில் எதில் லாகின் செய்வது என்று கேட்டால், நியாயமான கேள்விதான்). போன் கடிகாரம் சரியாக ஓடினால் போதும்.

பாதுகாப்பிலும் என் ஓட்டு ஆப்புக்கே. எஸ்எம்எஸ் உங்கள் போனுக்கு வருவதில்லை, உங்கள் நம்பருக்கு வருகிறது. யாராவது கடைக்காரரை ஏமாற்றி உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கினால் கதை முடிந்தது. 2019இல் ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சியின் நம்பரையே இப்படிக் கைப்பற்றி அவர் கணக்கில் ட்வீட் போட்டார்கள்.

ஆனால் போன் பாம்பன் கடலில் விழுந்தால்? சிம் மறுநாளே கிடைக்கும். ஆப்பில் பேக்கப் வைக்காதவர் பாடு திண்டாட்டம். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் கிளவுட் பேக்கப் வந்ததே 2023இல்தான். போலித் தளத்தில் நாமே எண்ணைத் தட்டிக் கொடுத்தால் இரண்டுமே காப்பாற்றாது.

மெயில் லாகினை இன்றே ஆப்புக்கு மாற்றுங்கள், பேக்கப் கோடுகளை (போன் கையில் இல்லாதபோது லாகின் செய்ய அந்தத் தளம் தரும் எண்களை) தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பேங்க் எஸ்எம்எஸ் மட்டும்தான் தருகிறது என்றால், சிம்முக்கு பின் (PIN) லாக்காவது போடுங்கள், திருடு போன போனிலிருந்து சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுகிறவனையாவது அது தடுக்கும்.