ஐந்து ரூபாய் வாஷரா, புதுக் குழாயா?

போன மாதம் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. எவ்வளவுதான் போகிறது பார்ப்போமே என்று இரவு 10 மணிக்கு அடியில் வாளியை வைத்தேன். காலை 6 மணிக்கு ஏறக்குறைய 6 லிட்டர் நின்றது. நாளுக்கு 18 லிட்டர் என்றால், மாதத்தில் 500 லிட்டர் தொட்டி ஒன்று நிறைந்து வழியும்.

"வாளியில் விழுவதைத்தான் புழங்கிக்கொள்கிறோமே, எதற்குச் செலவு?" என்பது எங்கள் வீட்டில் ஒரு கட்சி. மாசக் கடைசிக்கு அது சரிதான். ராத்திரி டொக் டொக் சத்தம் தாங்கவில்லை என்றால் குழாய் மூக்கில் ஒரு நூலைக் கட்டி வாளிக்குள் தொங்கவிடுங்கள், தண்ணீர் சத்தமில்லாமல் நூல்வழி இறங்கும். ஆனால் சொட்டு அப்படியே நிற்காது. வாஷர் உட்காரும் இடத்தைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். இன்று வாஷரோடு முடிகிற வேலை நாளைக்குப் புதுக் குழாயில் கொண்டுபோய் விடும்.

கடைக்குக் கிளம்பும் முன் எங்கே கசிகிறது என்று பாருங்கள். கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால் பெரும்பாலும் செலவே இல்லை. அங்குள்ள நட்டை லேசாக இறுக்கினால் போதும். அப்படியும் நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி உள்ளே கசிவை அடைக்கும் மெல்லிய டெஃப்லான் டேப்பை முறுக்கிச் சுற்றலாம். மூக்கில் சொட்டினால்தான் உள்ளே கை வைக்க வேண்டும். சிலர் மூக்கில் எம்-சீல் அப்புகிறார்கள். அது விரிசலுக்கான மருந்து, இதற்கு அல்ல.

கைப்பிடியைப் பல சுற்று சுற்றி மூடுகிற பழைய ரகம் என்றால் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். எங்கள் தெருக் கடையில் 5 ரூபாய், 10 ரூபாய்தான். மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டு, ஒரு ஸ்பேனரால் குழாயின் உடலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் தலையைக் கழற்ற வேண்டும். பிடிக்காமல் திருகினால் மொத்தக் குழாயும் சுவருக்குள் சுழலும். பழைய வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், அளவு சொல்லிக் கேட்டால் தப்பாகத்தான் வரும். அதற்கு முன் செல்போன் வெளிச்சத்தில் குழாய்க்குள் வாஷர் உட்காரும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் 5 ரூபாயில் ஜெயித்துவிட்டீர்கள். பள்ளம் தட்டுப்பட்டால் எத்தனை வாஷர் போட்டாலும் மறுபடி சொட்டும். நான் மூன்று போட்டுப் பார்த்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன்.

கால் சுற்றிலேயே மூடுகிற புது ரகத்தில் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தகடுகள் வேலை செய்கின்றன. போர் தண்ணீர் மணலோ உப்புப் பொருக்கோ இடையில் மாட்டினால் சொட்டும். கைப்பிடிக்கு அடியில் இந்தத் தகடுகள் இருக்கும் ஸ்பிண்டிலைக் கழற்றி, வினிகரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சில சமயம் சரியாகிவிடும். இல்லையென்றால் ஸ்பிண்டிலை மட்டும் மாற்றலாம். ஆனால் அதன் நீளமும் கைப்பிடி மாட்டும் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எல்லாக் கடையிலும் கிடைக்காது. மலிவான குழாய்க்கு ஸ்பிண்டில் தேடி நாலு கடை ஏறி இறங்குவதைவிடப் புதுக் குழாயே மேல்.

புதுசு என்றால் பிளாஸ்டிக்கா, பித்தளையா? எங்கள் பக்கம் சுமாரான பிளாஸ்டிக் குழாய் 100 ரூபாயைச் சுற்றி, பித்தளை அதைப்போல நாலைந்து மடங்கு. உப்புத் தண்ணீர் வரும் வீட்டுக்கு என் ஓட்டு பிளாஸ்டிக்குக்குத்தான், அது அரிபடாது. கொல்லைப்புறத்தில் வெயிலிலேயே நிற்பதற்கும், குழந்தைகள் தொங்குகிற இடத்துக்கும் பித்தளை. பளபளப்பை நம்பாமல் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள், நல்ல பித்தளை கனக்கும். வாடகை வீடா? வாஷர் உங்கள் செலவாகவே இருக்கட்டும், புதுக் குழாய் என்றால் ஓனரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் பக்கம் பிளம்பர் வந்தால் குறைந்தது 300 ரூபாய். வாஷர் மாற்ற அது வீண் செலவு. ஆனால் சுவருக்குள் பழைய இரும்பு பைப் ஓடும் வீட்டில் குழாயை மாற்ற அதுதான் மலிவான வழி. முன்பு குடியிருந்த வீட்டில் 300 ரூபாயை மிச்சம் பிடிக்க நானே ரிஞ்சைப் போட்டுத் திருகினேன். துருப்பிடித்த மரை பாதி சுவருக்குள்ளேயே உடைந்து நின்றது. கேட் வால்வும் இறுகிக் கிடந்ததால் தொட்டித் தண்ணீர் முழுதும் குளியலறையில் கொட்டித் தீர்ந்தது. டைல்ஸை உடைத்து, எல்போ என்கிற வளைவுத் துண்டை மாற்றி, பூசி முடிக்க 2,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: கேட் வால்வு மூடவில்லை என்றாலோ, குழாய் முதல் அழுத்தத்துக்கு அசையவில்லை என்றாலோ, ரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுப்பது.

இந்த முறை விளிம்பில் பள்ளம் இருந்தது. இப்போதிருப்பது பிளாஸ்டிக் பைப் போட்ட வீடு, வால்வும் ஒழுங்காக மூடியது. அதனால் 110 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் குழாய் வாங்கி, மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி நானே மாட்டிவிட்டேன். கழற்றிய பழையது பித்தளை. பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டதில் டேப் வாங்கிய காசு திரும்பி வந்துவிட்டது.