மியூனிக்கிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தைக்கு இரண்டு நாள்: நியூரம்பர்க்கா, சால்ஸ்பர்க்கா, ஸ்ட்ராஸ்பர்க்கா, ப்ராகா?

மியூனிக்கில் படிக்கும் மாணவர்களுக்கு டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறு ஓய்வாகக் கிடைத்தால், கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க இந்த நான்கு ஊர்ப் பெயர்கள்தான் பேச்சில் அடிபடும். விளக்கு அலங்காரம், மரக் கடைகள், கிராம்பும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய சூடான திராட்சை மதுவான க்ளூவைன் எல்லாம் நான்கிலும் உண்டு. அழகை வைத்து ஒப்பிட உட்கார்ந்தால் விடிந்துவிடும். மாணவரின் கையிருப்புக்கு இதைத் தீர்த்து வைப்பது வேறொன்று: ஞாயிறு இரவு எந்த ரயிலில், எந்த டிக்கெட்டில் திரும்பி வருகிறீர்கள் என்பது. அந்தக் கணக்கில் என் ஓட்டு நியூரம்பர்க்குக்கு. சால்ஸ்பர்க் கொஞ்சம்தான் பின்னால்.

முதலில் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் 2025-இல் 58 யூரோ, 2026 முதல் 63 யூரோ. பல இடங்களில் மாணவர்களுக்கு இதைவிடக் குறைவு. ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்கள், மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். ஐ.சி.ஈ., ஐ.சி. போன்ற நெடுந்தூர ரயில்களுக்குச் செல்லாது. தெரியாமல் ஏறி மாட்டினால் குறைந்தது 60 யூரோ போகும். டிசம்பருக்கு மட்டும் வாங்குபவர்கள் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும். விட்டால் ஜனவரிப் பணமும் பிடித்துவிடுவார்கள்.

நெடுந்தூர ரயிலின் சலுகை டிக்கெட்டை முன்பே போட்டால் மலிவுதான். ஆனால் அது குறிப்பிட்ட ஒரு ரயிலோடு கட்டிப்போட்ட டிக்கெட். சந்தையில் இன்னும் அரை மணி நேரம் நிற்கத் தோன்றி ரயிலை விட்டால் போட்ட பணம் போச்சு. போய்ச் சேரும் ஊருக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று ரயில்வேயே காட்டினால்தான் வேறு ரயிலில் ஏற விடுவார்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் இந்தப் பதற்றம் இல்லை. இந்த ரயில் போனால் அடுத்தது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வட்டார ரயில் ரத்தானால் சாதாரண டிக்கெட்காரர்கள் ஐ.சி.ஈ.க்கு மாறிக்கொள்ளலாம், டாய்ச்லாண்ட் டிக்கெட்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பனிக்காலத்தில் ரயில் ரத்தாவது சகஜம். அதனால் கடைசி ரயிலை நம்பாதீர்கள், அதற்கு முந்தையதைக் குறிவையுங்கள்.

நியூரம்பர்க் வெல்வது இங்கேதான். மியூனிக்கிலிருந்து இங்கால்ஸ்டாட் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போகும் ஆர்.ஈ.1, வட்டார ரயிலாக இருந்தும் அதிவேகப் பாதையிலேயே ஓடுகிறது. சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடும், டாய்ச்லாண்ட் டிக்கெட்டே போதும். இடையில் கிளம்பும் மற்ற வட்டார ரயில்கள் சுற்றிக்கொண்டு போகும். ரயில்வே செயலியில் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும் ரயில்களை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டுத் தேடினால் குழப்பம் வராது. சனிக்கிழமை காலை 8 மணிக்குள் ஏறிவிடுங்கள். அதற்குப் பிறகு நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும், நியூரம்பர்க் ஸ்டேஷன் லாக்கர்களும் நிரம்பிவிடும்.

ஸ்டேஷனிலிருந்து கோனிக் தெரு வழியே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஹௌப்ட்மார்க்ட் சதுக்கம். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரையோடு சுமார் 180 கடைகள், காலை 10 முதல் இரவு 9 வரை. இந்தச் சந்தைக்கு இருக்கும் மிகப் பழைய சான்று 1628-ஐச் சேர்ந்தது. அட்வென்ட் எனப்படும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளி மாலை 5.30-க்கு ஃப்ராவன்கிர்ஷே தேவாலய மாடத்திலிருந்து பரிசு கொண்டுவரும் தேவதையான கிறிஸ்ட்கின்ட் வேடமிட்ட இளம்பெண் வரவேற்புக் கவிதை சொல்லித் திறந்து வைப்பார். அன்றைக்குப் போனால் முன்னால் நிற்பவரின் தலையைத்தான் பார்க்கலாம். இரண்டாவது, மூன்றாவது வார இறுதி நல்லது. அதிலும் சனி மாலையை விட ஞாயிறு காலை 10 மணி எவ்வளவோ மேல். அப்போதே போனால் 12 மணிக்கு அதே தேவாலயக் கடிகாரத்தில் பொம்மை இளவரசர்கள் பேரரசரைச் சுற்றி வருவதையும் பார்த்துவிடலாம்.

வாங்கத் தகுந்தது எலீசன் லெப்குகன் என்ற மசாலா பிஸ்கட். கொட்டைப் பருப்பு குறைந்தது 25 சதவீதம், மாவு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதற்கு விதியே உண்டு. வெறும் லெப்குகன் என்று மட்டும் எழுதியிருப்பது அந்த வகை அல்ல, காசு கொடுக்கும் முன் பெயரைப் பாருங்கள். உலர்ந்த பிளம்ஸ் பழத்தில் உடம்பும் வால்நட்டில் தலையும் வைத்துச் செய்யும் குட்டி மனிதப் பொம்மைகள் இந்த ஊருக்கே உரியவை. விரல் நீளச் சாஸேஜ் மூன்றை ஒரு பன்னில் வைத்துத் தருவது மலிவான மதிய உணவு. சைவர்களுக்கு வறுத்த செஸ்ட்நட், சர்க்கரைப் பாகேற்றிய பாதாம், ஆப்பிள் கூழோடு உருளைக்கிழங்கு அடை கிடைக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் அடையையும் லெப்குகனையும் விசாரித்துவிட்டு வாங்க வேண்டும். க்ளூவைன் கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மது வேண்டாதவர்கள் கின்டர்புன்ஷ் கேட்கலாம். சில்லறையாக 20 யூரோ கையில் இருக்கட்டும். ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், தண்ணீரும் ரொட்டியும் சனியன்றே வாங்கிவிடுங்கள்.

சால்ஸ்பர்க்குக்கும் இதே டிக்கெட் செல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஊர் ஆஸ்திரியாவில் இருந்தாலும் சால்ஸ்பர்க் பிரதான ஸ்டேஷன் வரை டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும். அதற்கப்பால் உள்ளூர் பஸ்ஸுக்குத் தனி டிக்கெட். பயண நேரமும் ஏறக்குறைய நியூரம்பர்க்குக்கு ஆகும் அளவுதான். டோம்பிளாட்ஸ், ரெஸிடென்ஸ்பிளாட்ஸ் சதுக்கங்களில் சந்தை, மேலே கோட்டை, பின்னால் பனிமலை. ஒரே ஒரு படம் எடுப்பதென்றால் நான் இங்கேதான் எடுப்பேன். இவ்வூர்ச் சாஸேஜ் ரொட்டியான போஸ்னாவில் கறிப்பொடி தூவுகிறார்கள், நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். பின்தங்குவது திரும்பும் வழியில். எல்லை ஊரான ஃபிரைலாஸிங்கில் ஜெர்மன் போலீஸார் ஏறிச் சோதிப்பதில் ரயில் நின்றுவிடும். கைபேசியில் இருக்கும் நகல் உதவாது, பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் அசலாக இருக்க வேண்டும். அட்டை இன்னும் வராதவர்களுக்குச் செல்லுபடியாகும் டி விசா (நீண்ட காலம் தங்குவதற்கான விசா) போதும். ஒரே நாளில் போய் வருவதென்றால் சால்ஸ்பர்க்கைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

பிரான்ஸில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்கின் சந்தை 1570-இலிருந்து நடக்கிறது. க்ளேபர் சதுக்கத்து மரமும் கதீட்ரலும் மற்ற மூன்று ஊர்களிலும் இல்லாத பிரமாண்டம். ஆனால் மியூனிக்கிலிருந்து வட்டார ரயிலில் எல்லை ஊரான கேல் வரவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இல்லையென்றால் ரயிலோடு கட்டிப்போட்ட அதே சலுகை டிக்கெட்தான். நகர மையத்தில் அறை விலை டிசம்பரில் கையைக் கடிக்கும், பாலங்களில் பை சோதனையும் உண்டு. கார்ல்ஸ்ரூஹேயிலோ ஃப்ரைபர்க்கிலோ படிப்பவர்களுக்கு என் தீர்ப்பு அப்படியே தலைகீழ். கேல் வரை ரயில், அங்கிருந்து ஸ்ட்ராஸ்பர்க்குக்கு டி வழித்தட டிராம். அவர்கள் நியூரம்பர்க் பக்கம் வரவே வேண்டாம்.

செக் நாட்டின் ப்ராக் நகரச் சந்தை ஜனவரி 6 வரை இருப்பதால் அதைக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தள்ளிவைக்கலாம். போக ஐந்து ஆறு மணி, வர ஐந்து ஆறு மணி என்றால் இரண்டு நாளில் என்ன மிஞ்சும்? போகிறவர்களுக்கு ஒன்று: பழைய நகரச் சதுக்கத்தில் சுட்ட பன்றித் தொடைக்கறிக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. அவர்கள் வெட்டி வைப்பது அதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். எத்தனை கிராம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நியூரம்பர்க்கில் இரவு தங்குபவர்கள் ஞாயிறு மதியத்துக்கு மேல் வந்த வழியே திரும்பாமல் ரேகன்ஸ்பர்க் வழியாக வரலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் அங்கே, அங்கிருந்து மியூனிக்குக்கு ஒன்றரை மணி. டிக்கெட் அதேதான், கூடுதலாக ஒரு காசு இல்லை. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் நொய்ஃபார்பிளாட்ஸ் சந்தையும் பழைய கல்பாலமும். அரண்மனைக்குள் நடக்கும் சந்தைக்கு மட்டும் நுழைவுக் கட்டணம் உண்டு. ப்ராகிலிருந்து மியூனிக் வரும் ரயில்களும் ரேகன்ஸ்பர்க் வழியாகத்தான் போகின்றன; ஞாயிறு மாலை அவை ஏற்கெனவே நிரம்பித்தான் வரும், எல்லையிலேயே தாமதமாகியும் வரலாம். நேர அட்டவணையில் ரயில் எங்கே புறப்படுகிறது என்று பார்த்து, ஜெர்மனிக்குள்ளேயே கிளம்பும் ரயிலில் ஏறுங்கள்.