தப்பு விடை தயாரிப்பதில் கெட்டிக்காரச் செயலி: பதினாறு மாத அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு காலைகளில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மாதிரித் தேர்வு நடக்கிறது. காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஏழு மணிக்கே தொடங்கிவிடுவோம். கட்டணம் எதுவும் இல்லை. கேள்வித்தாள் தயாரிப்பது என் பொறுப்பு. அதற்காகப் பதினாறு மாதங்களாக ஓர் ஏஐ செயலியைப் பயன்படுத்தி வருகிறேன். முதல் மூன்று மாதம் இலவசமாக, அப்புறம் மாதச் சந்தா கட்டி. செயலியின் பெயரை எழுதவில்லை. இதே வகையில் வேறு இரண்டையும் நடுவில் சில வாரம் பயன்படுத்திப் பார்த்தேன், குணம் ஒன்றுதான். அதனால் இதை ஏதோ ஒரு கம்பெனியைப் பற்றிய புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வித்தாள் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கஷ்டம் கேள்வியில் இல்லை. சரியான விடையிலும் இல்லை. அது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. மீதி மூன்று ஆப்ஷன்தான் உயிரை வாங்கும். பார்த்ததும் தள்ளிவிடக்கூடிய ஆப்ஷனைப் போட்டால் கேள்வி செத்துவிடும். 1911-க்கு முன் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் எது என்று ஒருமுறை கேட்டேன். ஆற்காடு, வேலூர், சித்தூர், ராணிப்பேட்டை என்று நாலு ஆப்ஷன். பாதிப் பேருக்கு மேல் ஆற்காட்டைக் குறித்தார்கள். மாவட்டத்தின் பெயரிலேயே ஊர் இருக்கிறதே. மீதிப் பேர் வேலூரைக் குறித்தார்கள். விடை சித்தூர். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகுதான் வேலூர் தலைநகரமானது. தப்பான ஆப்ஷன் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நியாயம் இருக்க வேண்டும்.

இந்த வேலையில் செயலி அபாரம். அதை முதலில் மனதாரச் சொல்லிவிடுகிறேன். வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டுக்கு மூன்று தப்பான ஆண்டுகள் கேட்டேன். 1799, 1801, 1857 என்று அரை நிமிடத்தில் கொடுத்தது. யோசித்துப் பார்த்தால் மூன்றும் பொறுக்கி எடுத்தவை. 1799-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார், அதே ஆண்டு கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801 மருது சகோதரர்களின் திருச்சிராப்பள்ளி அறிக்கை வந்த ஆண்டு. 1857 எல்லோருக்கும் தெரிந்தது. அரைகுறையாகப் படித்தவர் இந்த மூன்றில் ஒன்றில் விழுந்துவிடுவார். ஒழுங்காகப் படித்தவர் 1806-ஐக் குறிப்பார். நூறு கேள்விக்குக் கையால் ஆப்ஷன் போட எனக்கு நாலு இரவு ஆகும். செயலி வந்த பிறகு ஒரே இரவு.

கோளாறு தெரிந்தது நாலாவது மாதம். வேலை மிச்சமாகட்டும் என்று ஆன்சர் கீயையும் அதனிடமே வாங்க ஆரம்பித்திருந்தேன். வேலூர்ப் புரட்சி தொடங்கிய தேதி என்ன என்ற கேள்விக்குக் கீயில் 1806 மே 10 என்று இருந்தது. சரிபார்க்காமல் பிரிண்ட் எடுத்துவிட்டேன். குடியாத்தத்திலிருந்து வரும் அக்கா ஒருவர்தான் நிறுத்தினார். “தம்பி, மக்கான் கிட்ட இருக்கிற புரட்சி நினைவுத் தூணுக்கு ஜூலை பத்தாம் தேதிதானே மாலை போடுவாங்க? போன வருஷம் அன்னிக்கு நான் பஸ்ல அந்தப் பக்கம்தான் வந்தேன்” என்றார். ஜூலை 10 தான் சரி. மே 10 என்பது 1857-ல் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்த நாள். இரண்டும் சிப்பாய்களின் எழுச்சி, இரண்டும் பத்தாம் தேதி. செயலி ஒன்றின் மாதத்தை எடுத்து மற்றதன் ஆண்டோடு ஒட்டியிருந்தது. அக்கா அன்று பஸ்ஸில் வராமல் இருந்திருந்தால் பன்னிரண்டு பேர் தப்பான தேதியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே ஒரு நோட்டுப் போட்டேன். செயலி சொன்ன தப்பு விடை ஒரு பக்கம், சரியானது எதிர்ப் பக்கம். இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டவர்களைக் கேட்டபோது கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கரைச் சரியாகச் சொன்னது. அவர் 1832-ல் இறந்ததையும், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருப்பதையும்கூடச் சொன்னது. அதே மூச்சில் திப்பு சுல்தானும் இங்கே சிறையிருந்தார் என்றது. இருந்தது அவருடைய பிள்ளைகளும் குடும்பத்தாரும். திப்பு உயிரோடு பிடிபடவே இல்லை. ஐடா ஸ்கடர் பிறந்த ஊர் நியூயார்க் என்றது. அவர் 1870-ல் பிறந்தது ராணிப்பேட்டையில். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சிஎம்சி. பாலாறு ஜவ்வாது மலையில் உற்பத்தியாகிறது என்றது. ஜவ்வாது மலையில் பிறப்பது செய்யாறு, அது பாலாற்றில் வந்து சேரும் ஆறு. பாலாறு பிறப்பது கர்நாடகத்து நந்தி மலையில்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவை எதுவும் வாய்க்கு வந்த உளறல் இல்லை. பக்கத்து வீட்டு விடை. ஆப்ஷன் பி-யில் போட ஆசைப்பட்டு நான் கேட்டிருந்தால் இதையேதான் கொடுத்திருக்கும், நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன். எந்தத் திறமைக்காக அதை மெச்சினேனோ அதே திறமைதான் ஆன்சர் கீயிலும் வேலை செய்கிறது. படித்த கோடிக்கணக்கான வாக்கியங்களை வைத்து அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துத்தான் அது எழுதுகிறது. அமெரிக்க மிஷனரி என்றால் அமெரிக்க ஊர் பொருந்துகிறது. கோட்டை, சிறை, மைசூர் என்றால் திப்பு பொருந்துகிறார். பொருந்துவது எல்லா நேரமும் உண்மையாக இருப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஊரறிந்த தவறுகளில் அது ஏமாறுவதில்லை. இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கியா, தேசிய மொழி இந்திதானா, நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியுமா என்றெல்லாம் மாற்றி மாற்றிக் கேட்டேன். தேசிய விளையாட்டு என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை, அரசியலமைப்பின் 343-வது பிரிவு இந்தியை அலுவல் மொழி என்றுதான் சொல்கிறது, நிலவிலிருந்து சுவர் தெரியாது என்று ஒவ்வொன்றையும் ஒழுங்காகத் திருத்தியது. இந்தத் தவறுகளைத் திருத்தி ஏராளமானவர்கள் எழுதியிருக்கிறார்கள், அதனால் அதற்கும் தெரிகிறது. நம்ம ஊர் விஷயம் என்று வரும்போதுதான் கால் வழுக்குகிறது. தமிழில் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வழுக்குகிறது என்பது என் அனுபவம்.

காலத்தால் பழசாகிப்போன விடைகள் தனி ரகம். காவலூர் வானியல் ஆய்வகம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? 1989-க்கு முன்னால் வட ஆற்காடு. அப்புறம் வட ஆற்காடு அம்பேத்கர், பிறகு வேலூர். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து திருப்பத்தூர். நாலுமே ஒரு காலத்தில் சரியாக இருந்த விடை. செயலி பெரும்பாலும் வேலூர் என்கிறது. இதற்கு அதை ரொம்பவும் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் மனிதர்களும் இதையே செய்கிறோம். ‘மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில்’ என்று வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-லேயே லிங்கத்தைத் திரும்ப வைத்துப் பூஜை தொடங்கியாகிவிட்டது. இன்னும் அந்தச் சொலவடையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது வேறு ஒன்று. பாலாறு நந்தி மலையில் பிறக்கிறது என்று இன்னொரு நாள் சரியாகச் சொல்லியிருந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று, “இல்லையே, ஏலகிரி என்றுதானே படித்தேன்” என்று எழுதினேன். உடனே மன்னிப்புக் கேட்டு, நீங்கள் சொல்வதுதான் சரி என்று ஏலகிரிக்கு மாறிவிட்டது. போதாததற்கு அதற்கு இரண்டு வரி விளக்கமும் கொடுத்தது. தனியாக உட்கார்ந்து இரவு பதினொரு மணிக்குப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இது நடந்தால், திருத்த யார் இருக்கிறார்கள்?

டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதியவர்களுக்கு ஓஎம்ஆர் தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருப்பது தெரியும். ஈ: விடை தெரியவில்லை. தெரியாத கேள்வியைச் சும்மா விடக் கூடாது, ஈ-யை நிரப்ப வேண்டும். ஆனால் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் நாங்கள் யாரும் அந்த வட்டத்தைத் தொடுவதில்லை. எதையாவது ஷேட் பண்ணிவிட்டு வந்துவிடுவோம், நாலில் ஒன்று அடித்தால் லாபம். செயலியும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. 2025-ல் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை இதையே சொல்கிறது: இந்த மாடல்களை மதிப்பிடும் சோதனைகளில் தெரியாது என்று சொன்னால் பூஜ்யம், ஊகித்துச் சொன்னால் மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு, அதனால் ஊகிக்கவே பழகுகின்றன. பரீட்சையில் குத்துமதிப்பாக எழுதும் மாணவரோடுதான் அவர்களும் அதை ஒப்பிடுகிறார்கள். எனக்கு அந்த ஐந்தாவது வட்டம் செயலியில் வேண்டும். சந்தாவில் அம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்பேன்.

சரி, கைடு வாங்கிப் படித்தால் போதாதா என்று கேட்பார்கள். கைடுகளும் சுத்தம் இல்லை. ஒரே அச்சுப்பிழை மூன்று கைடில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் ஃபிரெட் வொர்த் என்பவர் பொது அறிவுத் துணுக்குகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். யாராவது திருடினால் கண்டுபிடிக்க வேண்டும் என்று, கொலம்போ என்ற டிவி துப்பறிவாளரின் முதல் பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை அதில் நட்டு வைத்தார். ட்ரிவியல் பர்சூட் விளையாட்டின் கேள்வி அட்டையில் அதே பிலிப் வந்து நின்றது. 1984-ல் வழக்குப் போட்டார். உண்மைத் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று தோற்றுப்போனார். ஆகவே மூன்று இடத்தில் இருப்பதால் ஒரு விடை சரியாகிவிடாது. மூன்றும் ஒரே கிணற்றுத் தண்ணீரா என்று பார்க்க வேண்டும். மாடிக்கு வருகிறவர்களிடம் இதை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நல்ல தப்பு ஆப்ஷன்களால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரோடிகர், மார்ஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஆப்ஷன் உள்ள தேர்வு எழுதியவர்களுக்குப் பாடம் நன்றாக நினைவில் நின்றது. ஆனால் தாங்கள் குறித்த தப்பு ஆப்ஷனையும் சிலர் பிறகு உண்மை என்று நினைத்து எழுதினார்கள். இதைப் படித்த பிறகு என் பழக்கத்தை மாற்றினேன். முன்பு கீயை மறுநாள் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். இப்போது தாளை வாங்கிய கையோடு, டீ வருவதற்கு முன்பே, ஒவ்வொரு விடையையும் சத்தமாகப் படித்துக் காரணத்தோடு சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. யாரும் முணுமுணுப்பதில்லை.

இப்போது நடைமுறை இதுதான். கேள்வியும் சரியான விடையும் பள்ளிப் புத்தகத்திலிருந்து நான் எடுக்கிறேன். புத்தகத்தில் இல்லாத உள்ளூர் விஷயங்களுக்கு மாவட்ட மைய நூலகத்துக்குப் போகிறேன். சரியான விடையைச் செயலியிடம் கொடுத்துவிட்டு, ‘இதற்கு மூன்று தப்பு விடை கொடு, ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று சொல்’ என்கிறேன். அந்தக் காரணங்களையும் படித்துப் பார்க்கிறேன், சில நேரம் அதிலும் புது தப்பு நுழைந்திருக்கும். கணக்குப் பகுதியில் வட்டி, விகிதம் மாதிரி கேள்விகளுக்கு எண்களை மாற்றித் தருவதில் பெரிதாகப் பிரச்சினை வரவில்லை. போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சந்தாவைத் தொடர்கிறேன். கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள், என்னைப் போல மாதிரித் தேர்வு நடத்துகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். தனியாகப் படிக்கிறவர்கள் விடை கேட்பதற்காக மட்டும் வாங்குவதானால், அந்தப் பணத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பழைய பாடப்புத்தகங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மாடிப்படிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். குடியாத்தம் அக்கா அதில் மூன்று இடங்களில் பென்சிலால் சந்தேகக் குறி போட்டு வைத்திருக்கிறார். வருகிற வாரம் அந்த மூன்றையும் நூலகத்தில் பார்க்க வேண்டும்.